இரண்டு நாற்பதுக்குக் கரை சேர்ந்த வள்ளம்

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு என் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. படகுச் சங்கத்தின் செயலி. வள்ளத்தின் எண், அதன் பக்கத்தில் ஒரு பச்சை வட்டம், கீழே ‘கரை சேர்ந்தது’ என்ற சொற்கள். மகள் கடலில் இருக்கிற நாளில் எனக்குச் சோறு இறங்காது. அந்தப் பச்சையைப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்து, குழம்பைச் சூடாக்கி, மின்விசிறிக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். மறுசோறும் போட்டுக்கொண்டேன். கெட்டது எதுவும் நடந்ததாகத் தெரியாத அந்த நேரத்தில்தான் எல்லாம் கெடத் தொடங்கியிருந்தது.

என் மகள் கடல் உயிரியலில் ஆராய்ச்சி மாணவி. கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டுகளை எங்கள் பக்கத்தில் ‘பார்’ என்பார்கள். முத்துக்குளிப்பு நின்று ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்ட பழைய பார்களில் சிப்பி மறுபடியும் ஒட்டுகிறதா என்று எண்ணிப் பார்ப்பது அவள் வேலை. அதற்குக் கல்லூரியில் படகு கிடையாது. சங்கு குளிக்கப் போகிறவர்களின் வள்ளத்தில் இடம் கேட்டு ஏறிப் போவாள். விடிந்ததும் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார்கள். அவளுடைய அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். அவர் கடலில் இருப்பது எனக்குப் பழகிவிட்டது. இவள் போவது பழகவில்லை.

சாப்பிட்டு முடித்து அவளை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கரைக்கு வந்ததும் சிப்பிகளைக் கழுவி, அளந்து, பைகளில் போட்டுக் கட்டுவதற்கு ஒரு மணி நேரமாவது எடுத்துக்கொள்வாள். கைப்பேசி சார்ஜ் இல்லாமல் கிடக்கும். நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன். பச்சை வட்டம் இருந்ததே. நாலு மணி போல மறுபடியும் அழைத்தேன், பிறகு இன்னொரு முறை. அதற்கப்புறம் சேலையை மாற்றாமல் அப்படியே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வள்ளங்கள் நிற்கும் கரையில் கச்சான் வீசிக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து வரும் காற்று அது, அந்த வருடம் முன்கூட்டியே எழுந்துவிட்டது. மணல் கண்ணில் அடித்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வள்ளக்காரரின் மனைவி தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

“கம்ப்யூட்டரக்கா, பிள்ளை வீட்டுக்கு வந்துட்டாளா?”

“இல்லையே. அவ இங்கதான இருக்கணும்?”

“இங்கன எங்க இருக்கா? வள்ளமே வரலியே!”

“மெசேஜ் வந்துச்சே.”

“எனக்குந்தான் வந்துச்சு. வந்ததும் சோத்தத் தூக்கிட்டு ஓடியாந்தேன். அப்ப இருந்து இங்கனயே கிடக்கேன். சங்கை விக்கத் தெக்க எங்கயாவது இறக்கியிருப்பாவன்னு நெனச்சேன். பிள்ளைய வீட்டுல விட்டுருப்பாவன்னு நெனச்சேன்.”

பிள்ளை என் வீட்டுக்கு வந்திருப்பாள் என்ற தைரியத்தில் அவள் இருந்திருக்கிறாள். நான் செயலியின் தைரியத்தில் இருந்திருக்கிறேன். இரண்டு பேரும் கரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை போய்ப் பார்த்தோம். நிற்கிற வள்ளங்களில் எங்கள் வள்ளம் இல்லை. பார்த்தவர்களும் யாரும் இல்லை.

சங்க அலுவலகத்துக்கு இரண்டு பேரும் போனபோது செயலாளர் அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டிருந்தார். சுவரில் பெரிய திரை, அதில் எல்லா வள்ளங்களின் எண்களும். கடலில் இருப்பவை நீலம், வந்தவை பச்சை, நேரம் கடந்தும் வராதவை சிவப்பு. அன்று சிவப்பு ஒன்றும் இல்லை.

“பச்சையாத்தானம்மா இருக்கு,” என்றார், டீக் கப்பால் திரையைக் காட்டி.

“பச்சையா இருக்கு. வள்ளம் எங்க, அண்ணாச்சி?”

“எங்கயாவது நிக்கும்.”

“எங்கயாவதுன்னா? கரை முழுக்கப் பாத்துட்டு வாரோம்.”

“சிஸ்டம் பொய் சொல்லுமா? ஆளுதான் பொய் சொல்லுவான், கம்ப்யூட்டர் சொல்லாதுன்னு நீங்கதான இதே நாற்காலியில உக்காந்து சொன்னிய?”

“அது நான் செஞ்ச கம்ப்யூட்டர்.”

“ஆங்… அதான பாத்தேன். இன்னும் அந்தக் கோவம் போகல.”

அந்தக் கோபம் என்ன என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் நாசரேத்தில் படித்துவிட்டு, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு முகவர் நிறுவனத்தில் கணினிப் பிரிவில் சேர்ந்தேன். சேர்ந்தபோது கணினி ஒன்றுதான், அதற்குத் தனி ஏசி அறை. கப்பலில் வந்த சரக்கெல்லாம் தடித்த பதிவேடுகளில் இருந்தது. அதை ஃப்ளாப்பிகளுக்கு மாற்றினோம். இந்த ஊர் உப்புக்காற்றில் ஃப்ளாப்பிகள் பூசணம் பிடித்துச் செத்தன. அதற்குப் பிறகுதான் ரிலேஷனல் டேட்டாபேஸ் வந்தது. உறவுகளால் கட்டிய தரவுத்தளம். கப்பலுக்கு ஓர் அட்டவணை, பெட்டிக்கு ஓர் அட்டவணை, வியாபாரிக்கு ஓர் அட்டவணை. ஒரு செய்தியை ஒரே இடத்தில்தான் எழுத வேண்டும். வேறு எங்கே தேவைப்பட்டாலும் அந்த ஒரே இடத்தைத்தான் சுட்ட வேண்டும். எனக்கு அது வேலையாகத் தெரியவில்லை, ஒழுக்கமாகத் தெரிந்தது.

எத்தனை லட்சம் வரிகளை அது வைத்துக்கொள்ளும் என்பதைத்தான் விற்க வந்தவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது வேறு. அதற்கு மறுக்கத் தெரியும். ஒரே பெட்டி ஒரே நாளில் இரண்டு கப்பலில் ஏறியதாக எழுதினால், ஏற்க மாட்டேன் என்று நின்றுவிடும். எந்த மேலாளர் கத்தினாலும் அசையாது.

படகுச் சங்கம் கேட்டபோது ஒரு பழைய கணினியில் அப்படித்தான் செய்து கொடுத்தேன். வள்ளம், ஆட்கள், டப்பா, பயணம் என்று நாலு அட்டவணைகள். டப்பா என்பது வள்ளத்தில் வைக்கும் கையகலக் கருவி. தான் இருக்கும் இடத்தை அது குறித்துவைக்கும், கரைக்கு வந்து டவர் கிடைத்ததும் அனுப்பும். ஒரு டப்பா ஒரு வள்ளத்துக்குத்தான் சொந்தம். அதை வேறு வள்ளத்தில் கொண்டுபோக வேண்டுமானால் முதலில் இதிலிருந்து கழற்றியதாக எழுத வேண்டும், பிறகு அதில் மாட்டியதாக எழுத வேண்டும். கழற்றினால் இந்த வள்ளத்துக்கு டப்பா இல்லை என்று திரையில் தெரியும். சாயங்காலம் அந்த வள்ளத்தை யாராவது கண்ணால் பார்த்து வந்ததாகப் பதிந்தாலொழிய அது சிவப்பாகிவிடும்.

ஆனால் இந்தக் கரையில் கடலில் இறங்குகிற நேரத்தில் ஒருவர் கேட்டதை இன்னொருவர் இல்லை என்று சொல்ல மாட்டார். எஞ்சின், நங்கூரம், ஐஸ், டீசல், எதுவானாலும் கொடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் வாயிலிருந்து இல்லை என்ற சொல் வந்தால் அன்றைய கடல் நமக்கும் இல்லை என்று சொல்லிவிடும் என்று நினைக்கிறவர்கள். அதனால் டப்பாக்கள் தினமும் கை மாறின. என் கணினி தினமும் மறுத்தது. விடியற்காலையில் வரிசையில் நின்றவர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். “உங்க பொட்டி என்ன, கலெக்டரா? அது கையெழுத்துப் போட்டாத்தான் கடலுக்குப் போகணுமா?” என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டவர்களும் உண்டு. இல்லை சொல்லத் தெரியாதவர்களுக்கு நடுவில் அது ஒன்றுக்காவது சொல்லத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் நான் அதை மாற்றவில்லை.

பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஓர் இளைஞன் புதிய செயலியோடு வந்தான். சங்கக் கூடத்தில் புரொஜெக்டர் வைத்துக் காட்டினான். நோஎஸ்க்யூஎல் என்றான். அட்டவணையே கிடையாது என்றான். “ஒவ்வொரு வள்ளத்தோட ஒவ்வொரு பயணமும் ஒரு பை. அந்தப் பைக்குள்ள என்ன வேணும்னாலும் போடலாம். மீன் போட்டோ, குரல் பதிவு, குறிப்பு, எதையும் வேண்டாம்னு சொல்லாது.” கூட்டம் கை தட்டியது. எதையும் வேண்டாம் என்று சொல்லாத கணினி! அவர்களுக்குச் சொந்தக்காரன் வந்தது போல இருந்தது.

நான் எழுந்து கேட்டேன்: “ஒரு பைக்குள்ள இருக்கிறது இன்னொரு பைக்கு எப்படித் தெரியும்?”

சிரித்தான். “தெரிய வேண்டியதில்லை மேடம். அதான் இதோட வேகம்.”

அவன் சொன்னதில் பாதி உண்மை. என் நாலு அட்டவணைகளில் போட்டோ வைக்க இடமில்லை. புதிதாக ஒரு கட்டம் சேர்க்க வேண்டுமென்றால் கணினியையே நிறுத்த வேண்டும். உலகம் முழுவதும் இப்படித்தான் நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். கோடிக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் படமும் பேச்சும் கொட்டத் தொடங்கியபோது ஒரு கணினியில் அது அடங்கவில்லை. நூறு கணினிகளில் பிரித்துப் போட்டார்கள். பிரித்துப் போட்டதை நொடிக்கு நொடி ஒத்துப்போகச் செய்வதும், ஒன்றோடொன்று உறவு வைப்பதும் பாரமாக இருந்தது. உறவை விட்டுவிட்டார்கள். எல்லாப் பிரதிகளும் உடனே ஒத்துப்போக வேண்டியதில்லை, கொஞ்ச நேரத்தில் ஒத்துப்போனால் போதும் என்றார்கள். அவர்களுக்கு அது போதும். ஒரு படத்தை எத்தனை பேர் விரும்பினார்கள் என்ற எண் தாமதமாக வந்தால் யாரும் மூழ்கிவிட மாட்டார்கள். அந்தப் பெரிய நிறுவனங்களின் வசதிக்காகச் செய்ததை எங்கள் கரைக்கு எதற்குக் கொண்டுவந்தான் என்பதுதான் என் கோபம். என் பழைய கணினியைச் சங்கத்தார் கயிற்றுக் குவியலுக்குப் பின்னால் தள்ளினார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அன்று செயலாளரின் மேசைக்கு முன்னால் நான் நின்றது அந்த வருத்தத்துக்காக அல்ல.

“அண்ணாச்சி, மீட்புப் படகுக்காரங்களுக்கு ஒரு போன் போடுங்க.”

“போட்டு என்ன சொல்ல? பச்சையா இருக்கிற வள்ளத்தக் காணோம்னு சொல்லவா? சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். போடுங்க!”

அப்போதுதான் வள்ளக்காரரின் மச்சினன் உள்ளே வந்தான். அந்த அம்மாளின் கூடப்பிறந்த தம்பி. அவனுக்கும் சொந்தமாக வள்ளம் உண்டு. கடலுக்குப் போய்வந்து, வீட்டில் படுத்துத் தூங்கி எழுந்த முகம். அக்கா கரையில் அழுகிறாள் என்று யாரோ சொல்லி வந்திருக்கிறான். கழுத்தில் ஒரு டப்பா தொங்கியது.

“மச்சானுக்கு என்ன?” என்றான். “இன்னுமா வரல?”

“வந்தாச்சுன்னு காட்டுதுலே,” என்றார் செயலாளர்.

அவன் திரையைப் பார்த்தான். கழுத்தில் தொங்கியதைப் பார்த்தான். அதைக் கழற்றிக் கையில் பிடித்தான்.

“அது நான்லா,” என்றான். “அவரு டப்பா எங்கிட்டல்லா இருக்கு. எனது சார்ஜ் இல்லாமச் செத்துப்போச்சு. நான் தூரமாப் போறேன், குடுங்கன்னு கேட்டேன். கழட்டிக் குடுத்துட்டாவ. இங்கன கிளார்க்குட்ட சொல்லிட்டுத்தான போனேன்?”

அக்கா தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு அவனை அடித்தாள். முதுகில், தோளில், கை பட்ட இடத்திலெல்லாம். “எளவெடுத்தவனே! வந்து படுத்துத் தூங்குனியே, ஒம் மச்சான் வந்தாரான்னு ஒரு வார்த்தை கேட்டியாலே?”

“பச்சை காட்டுதுன்னு எனக்கென்னக்கா தெரியும்? நான் போனையே பாக்கல. டப்பா இல்லாதவர் வரலன்னா சிவப்பு எரியும், ஆளுவ தேடுவாவன்னுல்லா நெனச்சேன். பொய் சொன்னது அந்தப் பொட்டி. நானா சொன்னேன்?”

அவன் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கித் தரையில் அடிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. அவன் முகத்தில் வீசவும் தோன்றியது. அந்த டப்பாவைத்தான் நான் மதியம் என் மகள் என்று நினைத்துச் சோறு தின்றேன்.

செயலியைச் செய்தவனைச் செயலாளர் அழைத்தார். கால் மணி நேரத்தில் பைக்கில் வந்தான். நல்ல சட்டை, கையில் மடிக்கணினி. உட்கார்ந்து, தட்டி, ஏதோ ஒன்றைத் திறந்தான். அவன் முகம் தெளிந்தது.

“டேட்டா எதுவும் தொலையல மேடம். எல்லாம் இருக்கு. இவரோட வள்ளத்துப் பையில கிளார்க் காலையிலேயே குறிப்பு போட்டிருக்கார், பாருங்க. ‘மச்சான் டப்பா இதில் போகிறது.’ தெளிவா இருக்கு. இவர் வள்ளம் திரும்பி வந்ததையும் கண்ணால பாத்துப் பதிஞ்சிருக்கார்.”

“எங்க இருக்கு?”

“இவரோட டாக்குமென்ட்ல.”

“எம் மக போன வள்ளத்தோட பையில?”

“அதுல… அது வேற டாக்குமென்ட் மேடம்.”

“டப்பா அனுப்புன செய்தி எந்தப் பைக்குப் போச்சு?”

அவன் திரையை மேலும் கீழும் உருட்டினான்.

“சொல்லு தம்பி. எந்தப் பைக்குப் போச்சு?”

“டப்பா நம்பர் பழைய வள்ளத்துலதான் பதிவாகியிருக்கு. அதனால அதுல போய் விழுந்திருக்கு.”

“இவன் பையில டப்பா இங்க இருக்குன்னு இருக்கு. அவ பையில டப்பா அங்க இருக்குன்னு இருக்கு. ரெண்டையும் சேத்துப் பாக்க அங்க ஒரு நாதி இல்ல. இதுக்குப் பேரு தொலையலையா?”

“மேடம், இது மனுஷத் தப்பு. கிளார்க் ரெண்டு இடத்துலயும் மாத்தியிருக்கணும்.”

“ரெண்டு இடத்துலயும் மனுஷன் ஞாபகம் வச்சு மாத்துறதுக்கு நீ எதுக்குடா?” என்று கத்தினேன். அலுவலகத்தில் யாரையும் நான் டா போட்டது கிடையாது. முப்பது வருடங்களில் அதுதான் முதல் முறை. எனக்கு அதில் இப்போதும் வருத்தமில்லை.

“முதல்ல அதச் சிவப்பாக்கு,” என்றார் செயலாளர். அவர் டீக் கப்பைக் கீழே வைத்திருந்தார்.

அவன் தட்டினான். சுவரிலிருந்த திரையில் எங்கள் எண் சிவப்பானது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அந்த அம்மாள் ‘மாதாவே’ என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை இல்லாத ஆபத்து அப்போதுதான் வந்தது போல. செயலாளர் மீட்புப் படகு வைத்திருக்கும் அலுவலகத்தை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார். அந்த அலுவலகத்திலும் இதே செயலியின் திரை உண்டு. அப்படி ஓர் ஏற்பாடு செய்ததைத்தான் ஆண்டுக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள்.

“வள்ளத்து நம்பரச் சொல்லுங்க,” என்றது அந்தக் குரல். சொன்னார். விசைகள் தட்டும் சத்தம். “அண்ணாச்சி, அந்த வள்ளம் வந்துட்டதா இருக்கே. ரெண்டு நாப்பது.”

“இல்ல, இப்ப சிவப்பாக்கியாச்சு.”

“இங்க பச்சைதான் இருக்கு. நல்லா பாத்துட்டுச் சொல்லுங்க.”

எல்லாரும் அந்த இளைஞனைப் பார்த்தோம். அவன் தலையைக் குனிந்தபடி சொன்னான்: “வேற சர்வர்ல இருக்கிற பிரதிய அவங்க பாக்கறாங்க. இன்னிக்கு லைன் மெதுவா இருக்கு. கொஞ்ச நேரத்துல எல்லாம் ஒண்ணாயிடும்.”

“எவ்வளவு நேரம்?”

“கேரண்டியாச் சொல்ல முடியாது மேடம். ஆனா கடைசியில கண்டிப்பா ஒத்துப்போகும்.”

கடைசியில். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். அனல்மின் நிலையத்தின் புகை கிழக்கே படுத்துக்கொண்டு ஓடியது. கச்சான் வலுத்துவிட்டது. எஞ்சின் நின்றுபோன வள்ளத்தை அது கரைக்குக் கொண்டுவராது, இலங்கைப் பக்கமாகத் தள்ளும். வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நான் ஒலிபெருக்கிக்குக் குனிந்து பேசினேன். என்ன பேசினேன் என்று வரிசையாக நினைவில்லை. பெற்றவள் பேசுகிறேன் என்று சொன்னேன். உங்கள் திரையில் எந்த நிறம் இருந்தாலும் என் மகள் கரையில் இல்லை என்று சொன்னேன். அந்தக் குரல் மரியாதையாகத்தான் பேசியது. “புரியுதும்மா. ஆனா வந்துட்டதா ரெக்கார்ட் இருக்கிற வள்ளத்துக்கு நான் எப்படிம்மா படகு அனுப்ப? மேலிடத்துல கேப்பாங்கல்ல? மாறுனதும் உடனே அனுப்புறேன்.”

மச்சினன் அதற்குள் வெளியே போய்விட்டான். சத்தம் கேட்டு நாங்கள் போய்ப் பார்த்தபோது அவன் தன் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு பேர் கூட. யாரோ டீசல் கேனை எடுத்துக் கொடுத்தார்கள். யாரோ டார்ச். யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

“பார் எந்தத் திசை, கம்ப்யூட்டரக்கா? பிள்ளை ஏதாவது சொல்லிச்சா?”

காசுவாரித் தீவுக்குக் கிழக்கே என்று காலையில் சொல்லியிருந்தாள். அதைச் சொன்னேன். “அப்ப இந்நேரம் அதுக்கும் வெளிய போயிருக்கும்,” என்றான். என் முகத்தைப் பார்த்து, “வெளியன்னா ரொம்ப வெளிய இல்ல,” என்று சேர்த்துக்கொண்டான். கிளம்பிப் போனான்.

அதன் பிறகு கரையில் நாங்கள் இரண்டு பெண்களும் நின்றோம். பொதுவான பயம் மனிதர்களைச் சேர்த்துவைக்கும் என்று சொல்வார்கள். எங்களைச் சேர்க்கவில்லை.

“சங்கு மட்டும் எடுத்திருந்தா எப்பமோ வந்திருப்பாவ,” என்றாள் அவள், கடலைப் பார்த்தபடி. “சிப்பி எண்ணணும்னு அங்கன கூட்டிட்டுப் போனது உங்க பிள்ளைதான்.”

“டப்பாவக் கழட்டிக் குடுத்தது எம் பிள்ளை இல்ல.”

“கேட்டா எப்படிக்கா இல்லன்னு சொல்ல?”

“இல்லன்னு சொல்லணும்.”

“உங்களுக்கென்ன, சொல்லிருவிய. நீங்க யாருட்டயும் ஒண்ணும் கேட்டு வாழல. நாங்க நாளைக்கும் அவன்ட்டதான எஞ்சின் கேக்கணும்?”

அவள் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தாள். சோறு காய்ந்துவிடக் கூடாது என்பது போல மறுபடியும் இறுக்கமாக மூடினாள். அந்த இளைஞன் சற்றுத் தள்ளி, மடிக்கணினியைத் திறந்து கையில் ஏந்தியபடி நின்றான். திடீரென்று, “மாறிடுச்சு மேடம்! அவங்க பக்கமும் சிவப்பாயிடுச்சு!” என்று சத்தம் போட்டான். தேர்வில் தேறியவன் போல. அவனைத் திட்டக்கூட என்னிடம் மூச்சு இல்லை. மீட்புப் படகு கிளம்பிவிட்டதாகச் செயலாளர் வந்து சொன்னார். அப்போது சூரியன் உப்பளங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது.

இப்போதும் சனிக்கிழமைகளில் அந்த இளைஞன் எனக்குச் செய்தி அனுப்புகிறான். டப்பா எண்ணுக்குத் தனியாக ஒரு கட்டுப்பாடு போட்டுவிட்டானாம், வந்து பார்க்கச் சொல்கிறான். நான் போகவில்லை. கைப்பேசியில் எந்தப் பச்சை வட்டம் வந்தாலும் எனக்கு வாய்க்குள் குழம்பின் புளிப்பு ஏறுகிறது. மகள் பக்கத்து அறையில் தூங்கும்போதுகூட எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன். கண்ணால் பார்த்ததைத் தவிர வேறெதையும் ஏற்க மறுக்கிறேன். அவள் எரிச்சல்படுகிறாள்.

அன்று இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் அலைதடுப்புக் கற்களைச் சுற்றிக்கொண்டு ஒரு வெளிச்சம் வந்தது. மீட்புப் படகு இல்லை. மச்சினனின் வள்ளம், பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு இன்னொரு வள்ளம். அந்த அம்மாள் சேலையோடு தண்ணீருக்குள் ஓடினாள். இழுபட்டு வந்த வள்ளத்தில் தலைகளை எண்ணினேன். நாலு. மறுபடியும் எண்ணினேன்.

வள்ளக்காரர் முதலில் குதித்தார். யாரையும் பார்க்கவில்லை. எஞ்சினின் விசிறியில் எவனோ அறுத்துவிட்ட வலை சுற்றிக்கொண்டது, எஞ்சின் எரிந்துபோனது என்று பொதுவாகச் சொன்னார். இரண்டு குளியாட்களும் இறங்கி மணலில் அப்படியே படுத்துவிட்டார்கள். கடைசியில் என் மகள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்து வந்தாள். உதடு வெடித்து, முகம் கறுத்து, தோளில் யாருடையதோ சட்டை. நான் அவள் கைகளைப் பிடித்துப் பார்த்தேன், தலையைத் தடவினேன், காதுக்குப் பின்னால்கூடப் பார்த்தேன். அவள் விலகவில்லை. அழவும் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற கூட்டத்தையும், செயலாளரையும், மடிக்கணினியோடு நின்றவனையும் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

“எஞ்சின் நின்னப்ப தீவு பக்கத்துலதாம்மா இருந்துச்சு. நீந்திப் போயிரலாம்னு நான் சொன்னேன். வள்ளக்கார அண்ணாச்சிதான் விடல. டப்பா நம்மட்ட இல்ல, அதனால நாம வரலன்னுதான் கரையில காட்டும், தேடி வந்துருவாவ, வள்ளத்த விட்டு எறங்காதன்னு சொல்லிட்டே இருந்தாவ. நாங்களும் அதை நம்பி அப்படியே உக்காந்துட்டோம். ஏம்மா காட்டல?”